தெரு ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிட்டது, வீட்டை விற்றுவிடவா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், சாக்ரமென்டோவுக்குக் கிழக்கே எல் டொராடோ கவுன்ட்டி மலையடிவாரத்தில் இருக்கிறோம். வீடு 2003இல் கட்டியது, நாங்கள் 2016இல் வாங்கினோம். மாநிலத் தீயணைப்புத் துறையின் புது வரைபடத்தில் எங்கள் தெரு மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறிவிட்டது. ‘மாநிலப் பொறுப்புப் பகுதி’ என்றும் போட்டிருக்கிறது. போன வாரம் இன்சூரன்ஸ் கம்பெனி, பாலிசியை இனிப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் அனுப்பிவிட்டது. வரைபடத்தை எதிர்த்து முறையிட முடியுமா? வீட்டில் எதையெல்லாம் மாற்றச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்தும்? பக்கத்து வீட்டுக்காரர் விற்றுவிட்டுக் கிளம்புகிறார், நாங்களும் அதையே செய்யலாமா? வருஷத்தில் ஆறு மாதம் மாமனாரும் மாமியாரும் எங்களோடு இருப்பார்கள். அத்தை வாசலில் கறிவேப்பிலைத் தொட்டிகளும் ஜன்னலை ஒட்டி மல்லிகைப் பந்தலும் வைத்திருக்கிறார். அதையும் பிடுங்கச் சொல்வார்களோ என்று அவருக்குத் தூக்கமே இல்லை. — ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நிறம் மாறியதற்காக வீட்டை விற்காதீர்கள். விற்பதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம், அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மலையடிவார வீடுகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் தொழில். இந்த இரண்டு வருஷமாக என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் கையில் அந்த வரைபடத்தோடுதான் நிற்கிறார்கள். அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டால் பயம் பாதி குறையும். மீதிப் பயம் தேவையான பயம். அதை வீட்டைச் சுற்றி வேலை செய்வதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயர் வெளியிடும் வரைபடத்தில் மூன்று படிகள் உண்டு: மிதமானது மஞ்சள், உயர்ந்தது ஆரஞ்சு, மிக உயர்ந்தது சிவப்பு. காட்டுத்தீயை மாநிலமே பார்த்துக்கொள்ளும் ‘மாநிலப் பொறுப்புப் பகுதி’களுக்கான புது வரைபடம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகரங்களும் உள்ளூர் தீயணைப்புத் துறைகளும் பார்த்துக்கொள்ளும் ‘உள்ளூர்ப் பொறுப்புப் பகுதி’களுக்கு 2025 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கட்டம் கட்டமாக வெளியிட்டார்கள். ஓர் இடத்தின் சரிவு, அங்கே வளரும் புல் பூண்டு மரம், காற்றின் போக்கு, பழைய தீ வரலாறு, கங்குகள் எவ்வளவு தூரம் பறந்துவந்து விழும் என்பதையெல்லாம் கணக்கிட்டு, அடுத்த 30 முதல் 50 ஆண்டுகளில் அங்கே தீ எவ்வளவு மூர்க்கமாக வரக்கூடும் என்று அது சொல்கிறது. உங்கள் வீட்டுக் கூரை ஓடா, மரச்சிராயா என்று அது பார்ப்பதே இல்லை. நீங்கள் முற்றத்தைச் சுத்தமாக வைத்திருப்பதும் அதற்குத் தெரியாது. அதனால்தான் “நான் எல்லாம் சரிசெய்துவிட்டேன், என் வீட்டை மட்டும் மஞ்சளாக்குங்கள்” என்று தனி ஆளாக முறையிட வழி கிடையாது. அந்த வரைபடம் நிலத்தைப் பற்றியது, வீட்டைப் பற்றியது அல்ல. உள்ளூர்ப் பொறுப்புப் பகுதிகளில்கூட நகரசபை ஒரு படி ஏற்றலாம், இறக்க முடியாது. முறையீட்டில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

நிறத்தை நம்பி நிம்மதியாக இருப்பதும் ஆபத்துதான். சான்டா ரோஸாவில் காஃபி பார்க் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. சமதளம், புல்வெளி, வரிசை வீடுகள், நம் ஆட்கள் வாங்க விரும்புகிற மாதிரியான இடம். 2017 அக்டோபரில் ‘டப்ஸ்’ என்று பெயரிட்ட காட்டுத்தீ மலையிலிருந்து இறங்கி, 101 நெடுஞ்சாலையைத் தாண்டி, அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே இரவில் தின்றது. அப்போதைய வரைபடத்தில் காஃபி பார்க் அபாய வலயத்திலேயே இல்லை. 2025 ஜனவரி லாஸ் ஏஞ்சலஸ் தீயில், சான் கேப்ரியல் மலையடிவாரத்து ஆல்டடீனாவில் எரிந்ததிலும் பெரும்பகுதி, அதுவரை இருந்த வரைபடத்தின் சிவப்புக்கு வெளியேதான் இருந்தது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மலையை விட்டு இறங்கி எங்கே போகிறார் என்று தெரியவில்லை. எங்கே போனாலும் இந்தக் கேள்வி அவர் பின்னாலேயே வரும்.

இனி சட்டம். உங்களில் பலருக்கு இது வியப்பாக இருக்கலாம்: தெரு மஞ்சளாக இருந்தபோதே வீட்டைச் சுற்றி 100 அடிக்குத் தற்காப்பு வெளி வைத்திருக்க வேண்டும் என்ற விதி உங்களைக் கட்டியது. பொது வளச் சட்டத்தின் 4291ஆம் பிரிவு மாநிலப் பொறுப்புப் பகுதி முழுவதற்கும் பொருந்தும், நிறம் எதுவானாலும். (உள்ளூர்ப் பொறுப்புப் பகுதியில் சிவப்புக்கு மட்டும் இதேபோன்ற இன்னொரு சட்டம் உண்டு.) முதல் 30 அடிக்குள் காய்ந்த புல், சருகு, செத்த செடி எதுவும் கூடாது. கூரைமேல் சாயும் கிளைகளை வெட்ட வேண்டும், புகைபோக்கியிலிருந்து 10 அடிக்குள் கிளை வரக் கூடாது. விறகுக் குவியலை 30 அடிக்கு அப்பால் தள்ள வேண்டும். அங்கிருந்து 100 அடி வரை, ஆண்டுப் புல்லை 4 அங்குலத்துக்கு மேல் வளரவிடாமல் வெட்டி, மரங்களுக்கும் புதர்களுக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும். உங்கள் மனை 100 அடிக்கு முன்பே முடிந்துவிட்டால் எல்லையோடு உங்கள் கடமையும் முடிகிறது. அடுத்தவர் நிலத்தில் போய் வெட்ட உங்களுக்கு உரிமை கிடையாது. கவுன்ட்டிக்குத் தனியாகக் கடுமையான விதி இருந்தால் அதுவும் சேரும், உள்ளூர் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அப்படியானால் ஆரஞ்சு என்னதான் மாற்றியது? முக்கியமாக விற்பனையை. 2019இல் நிறைவேறிய ‘ஏபி 38’ என்ற மாநிலச் சட்டப்படி, ஆரஞ்சிலோ சிவப்பிலோ உள்ள வீட்டை விற்கும்போது, தற்காப்பு வெளி விதிப்படி இருக்கிறது என்ற ஆய்வுச் சான்றை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். அது கையில் இல்லையென்றால், விற்பனை முடிந்தபின் ஒரு வருஷத்துக்குள் தானே வாங்கிக்கொள்வதாக வாங்குபவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளலாம். 2010க்கு முன் கட்டிய வீடாக இருந்தால், கங்கு நுழையக்கூடிய பலவீனங்கள் எவை என்று தெரிவிக்கும் அறிவிப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உங்கள் வீடு அதில் வரும். இதற்கான ஆய்வை மாநிலப் பொறுப்புப் பகுதியில் கால் ஃபயரே செய்து தருகிறது.

வீட்டுக் கட்டுமானத்தைப் பொறுத்தவரை, நீங்கள் கேட்ட கேள்விக்குச் சட்டம் சொல்லும் பதில்: உங்களை எதையும் மாற்றச் சொல்லாது. கலிஃபோர்னியாவின் தீ எதிர்ப்புக் கட்டட விதிகள், எல்லோரும் ‘ஏழு ஏ’ என்று சொல்கிற அத்தியாயம், 2008இல் வந்தன. தீயை மிக நன்றாகத் தாங்கும் ஏ வகைக் கூரை, கங்கு புகாத வெண்ட் (காற்றுத்துளை), சூட்டில் எளிதில் உடையாத டெம்பர்ட் கண்ணாடி, சுலபத்தில் பற்றாத சுவர் உறை எல்லாம் அதற்குப் பிறகு புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு. உங்கள் வீடு 2003. ஐந்து வருஷம் முன்னால் பிறந்துவிட்டது. உங்கள் தெருவில் 2012இல் கட்டிய வீடும் உங்களுடையதும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், இறவாரத்துக்கடியில் இருக்கும் சின்னக் கம்பிவலை மட்டும் வேறு. அந்த வலையை மாற்றச் சொல்லி எந்த அதிகாரியும் உங்கள் கதவைத் தட்ட மாட்டார். இன்று இந்த மலையடிவாரத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். விதிகள் புதிய வீட்டைக் காக்கின்றன, முற்றத்தைக் காக்கின்றன. 1980, 90களிலும் 2000களின் தொடக்கத்திலும் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவரும் கூரையும் உரிமையாளரின் அக்கறைக்கு விடப்பட்டிருக்கின்றன. சட்டம் கேட்கவில்லையே என்று விட்டுவிட்டால் அந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

வீட்டின் வயசு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வட கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊர் சாட்சி. 2018 நவம்பர் 8 அன்று, தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், ‘கேம்ப்’ என்று பெயரிட்ட காட்டுத்தீ அந்த ஊரைச் சுட்டெரித்தது. 85 பேர் இறந்தார்கள், 18,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. பின்னால் வந்த ஆய்வு, 1997க்கு முன் கட்டிய தனி வீடுகளில் 11.5 சதவீதமும், அதற்குப் பின் கட்டியவற்றில் 38.5 சதவீதமும் தப்பியதாகக் கணக்கிட்டது. தப்பியதா இல்லையா என்பதில் பெரிய பங்கு இன்னொன்றுக்கும் இருந்தது: எரிந்த அடுத்த கட்டடம் 18 மீட்டருக்குள் இருந்ததா என்பது. ஒரு வீடு பற்றினால் அதன் வெப்பமே அடுத்த வீட்டு ஜன்னலை உடைக்கப் போதும்.

அப்படியென்றால் முதல் வீடு எப்படிப் பற்றுகிறது? பெரும்பாலோர் நினைப்பதுபோல் நெருப்புச் சுவர் ஒன்று காட்டிலிருந்து நடந்துவந்து வீட்டை விழுங்குவதில்லை. மர உச்சிகள் கொழுந்துவிட்டு எரியும் தீகூட 30 மீட்டருக்கு அப்பாலிருந்து மரச்சுவரைப் பற்றவைப்பதில்லை என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் களச் சோதனைகளில் காட்டினார். வீட்டைக் கொல்வது பெரும்பாலும் கங்கு. தீ ஒரு மைலுக்கு அப்பால் இருக்கும்போதே காற்றில் மழைபோலப் பறந்து வந்து விழும். விழுந்த இடத்தில் எரிவதற்கு ஏதாவது இருந்தால் போதும். காற்று பலமாக அடித்த மறுநாள் காலை உங்கள் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சருகு எந்த மூலையில் ஒதுங்கியிருக்கிறதோ, கங்கும் அந்த மூலையில்தான் ஒதுங்கும். உங்கள் வீட்டுக்கான உண்மையான அபாய வரைபடம் அதுதான்.

ஆகவே பணம் செலவழிக்க வேண்டிய வரிசை வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும். மக்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். எண்பதடிக்கு அப்பால் நிற்கும் ஓக் மரத்தை வெட்ட ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, வாசற்கதவை ஒட்டித் தேங்காய்நார்க் கால்மிதியை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

முதல் ஐந்து அடி. இதை இங்கே ‘ஜீரோ வலயம்’ என்கிறார்கள். வீட்டைச் சுற்றி ஐந்தடி வளையத்தில் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது என்ற கொள்கை 2020இல் ஏபி 3074 மூலம் சட்டமாயிற்று. விவரமான விதியை மாநில வனவியல் வாரியம் 2023 தொடக்கத்துக்குள் எழுதியிருக்க வேண்டும், அது இழுத்துக்கொண்டே போனது. லாஸ் ஏஞ்சலஸ் தீக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் ஆளுநர் கேவின் நியூசம், அந்த ஆண்டு முடிவதற்குள் முடிக்கச் சொல்லி ஆணையிட்டார். இழுபறி முக்கியமாகச் செடிகளைப் பற்றியது: நன்றாகத் தண்ணீர் விட்டு வளர்க்கும் பச்சைச் செடியை அந்த ஐந்தடியில் அனுமதிப்பதா வேண்டாமா என்று. சட்டத்தின் அமைப்பு, முதலில் புது வீடுகளுக்கு, ஏற்கெனவே இருக்கும் வீடுகளுக்கு மூன்று வருஷ அவகாசம் என்பது. உங்களுக்கு எந்தத் தேதி, எந்த அளவு என்பதை உள்ளூர் தீயணைப்புத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆனால் விதிக்காகக் காத்திருக்காதீர்கள். கங்குக்கு வாரியத்தின் கூட்டத் தேதி தெரியாது.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களில் என் கண்ணில் முதலில் பட்டது மல்லிகையோ கறிவேப்பிலையோ அல்ல. சுவரை ஒட்டி நான்கு பக்கமும் பரப்பியிருக்கும் மரப்பட்டை மூடாக்கு, அதாவது மல்ச். ஒவ்வொரு வசந்தத்திலும் எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) புதிதாகக் கொட்டிவிட்டுப் போகிறது என்று படத்தோடு எழுதியிருக்கிறீர்கள். காய்ந்த மல்ச் கங்கை வாங்கி, வெளியே தெரியாமல் கனிந்து, தீயணைப்பு வண்டி போனபின் சுவருக்கடியில் கொழுந்துவிடும். அதை வாரி எடுத்துவிட்டு, ஐந்தடிக்கு ஜல்லியோ சிமெண்ட் கல்லோ போடுங்கள். சுவரை ஒட்டி மட்டும் இனிமேல் கொட்ட வேண்டாம் என்று எச்.ஓ.ஏ.வுக்குக் கடிதம் கொடுங்கள். ஒரு வீடு கேட்டால் தட்டிக்கழிப்பார்கள், தெருவே கேட்டால் தோட்டக்காரருக்கான ஒப்பந்தத்தில் எழுதுவார்கள்.

அத்தையிடம் சொல்லுங்கள்: கறிவேப்பிலையை யாரும் பிடுங்க வேண்டியதில்லை. தொட்டிதானே, தூக்கி ஐந்தடிக்கு வெளியே வைத்தால் முடிந்தது. குளிர்காலத்தில் எப்படியும் உள்ளே கொண்டுவந்துதான் காப்பாற்றுகிறார்கள். பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் மண் தொட்டியாக மாற்றிவிடச் சொல்லுங்கள். மல்லிகை வேறு விஷயம், அதைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். ஜன்னலை ஒட்டி மரச்சட்டப் பந்தலில் ஏறிய கொடி, அடியில் வருஷக்கணக்கில் சேர்ந்த காய்ந்த தண்டு, மேலே கூரை இறவாரம். கங்கு விழுந்தால் சில நிமிஷத்தில் கண்ணாடி உடையும். வேரோடு பெயர்த்து, வீட்டிலிருந்து தள்ளி, தோட்டத்தின் நடுவே இரும்புக் கம்பிப் பந்தலில் ஏற்றுங்கள். மழைக்காலத் தொடக்கத்தில் நன்றாகக் கழித்துவிட்டுப் பெயர்த்தால் பிழைக்கும். பூ பறிக்க அத்தை பத்துப் பதினைந்து அடி கூடுதலாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு இதை ஒரு அதிகாரியின் உத்தரவாகச் சொல்லாதீர்கள். பேரப்பிள்ளைகள் தூங்கும் அறையின் ஜன்னல் அது என்று சொல்லுங்கள், அவரே மண்வெட்டியை எடுப்பார்.

அடுத்தது வெண்ட். கூரைக்கடியில் உள்ள அட்டிக்கில் ஈரம் தங்காமல் இருக்க இறவாரத்திலும் கூரைமுகட்டிலும் காற்றுத்துளைகள் இருக்கும். உங்கள் வீட்டு வயசுக்கு அவற்றில் கால் அங்குலக் கண் வலைதான் இருக்கும். அது பெருச்சாளியைத் தடுக்கும், கங்கைத் தடுக்காது. உள்ளே போன ஒரு கங்கு இன்சுலேஷன் தூசியிலோ அங்கே போட்டுவைத்த அட்டைப்பெட்டியிலோ விழுந்தால், வீடு உள்ளிருந்து எரியும். எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேற்படாத கண் உள்ள துருப்பிடிக்காத உலோக வலையைக் கட்டினாலே பெரிய முன்னேற்றம். முடிந்தால் மாநிலத் தீயணைப்புத் தலைமை அலுவலகம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ள கங்கு தடுப்பு வெண்டாகவே மாற்றுங்கள். மெல்லிய வலையில் தூசி அடைக்கும், வருஷம் ஒருமுறை தூரிகையால் தட்டிவிட வேண்டும். துணி உலர்த்தும் டிரையரின் புகைவாய்க்கு மட்டும் வலை கட்டாதீர்கள், பஞ்சுத் துகள் அடைத்து அதுவே தீயை வரவழைக்கும். அதற்கு மூடும் தகடு சரியாக வேலை செய்தால் போதும்.

உங்கள் கூரை வளைவு ஓடு. நல்ல கூரை, ஏ வகை. ஆனால் இறவார விளிம்பில் ஓட்டின் வளைவுக்கடியில் வாய் திறந்திருக்கிறது, படத்தில் ஒரு குருவிக்கூடும் தெரிகிறது. அந்த வாய்களைச் சிமெண்ட் கலவையாலோ உலோக அடைப்பாலோ மூட வேண்டும். கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் கட்டரில் உள்ள சருகையும் அள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடியின் மூலையில் சின்னதாக முத்திரை பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது டெம்பர்ட். இல்லாத ஜன்னல்களில், பக்கத்து வீட்டைப் பார்த்தவற்றை முதலில் மாற்றுங்கள். இது செலவு பிடிக்கும் வேலை, அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம். கேரேஜ் கதவின் அடி ரப்பர் பிய்ந்திருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள்.

மரவேலி. வீட்டுச் சுவரைத் தொடும் கடைசி ஐந்தடியையும் பக்கவாட்டு கேட்டையும் உலோகத்துக்கு மாற்றுங்கள். மீதி வேலி மரமாகவே இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் விற்றுவிட்டுப் போகிறார் என்றால், பொதுவேலி விஷயத்தை அவர் போவதற்குள் பேசிவிடுங்கள். விற்பனைக்கு அவருக்கும் ஆய்வுச் சான்று தேவை. வேலியோரம் இருக்கும் அவருடைய ஜூனிப்பர் புதர்களை எடுக்கச் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

இன்சூரன்ஸ். கம்பெனிகள் கால் ஃபயர் வரைபடத்தை வைத்து முடிவெடுப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கணக்கு உண்டு. ஆக, நிறம் மாறியதும் கடிதம் வந்ததும் ஒரே சமயத்தில் நடந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புதுப்பிக்காவிட்டால் குறைந்தது 75 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி, உங்கள் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். 2022இல் இன்சூரன்ஸ் ஆணையர் ரிக்கார்டோ லாரா கொண்டுவந்த விதிப்படி, உங்கள் வீட்டுக்குக் கம்பெனி போட்டிருக்கும் தீ அபாய மதிப்பெண்ணையும் அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதையும் அவர்கள் சொல்லியாக வேண்டும். அந்த மதிப்பெண்ணை எதிர்த்து முறையிடலாம். பத்து நாளுக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, முப்பது நாளுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். வரைபடத்துக்கு எதிராக முறையிட நினைத்தீர்களே, அந்தச் சக்தியை இங்கே செலவழியுங்கள். ஜல்லி போட்ட ஐந்தடி, புது வெண்ட், உலோக கேட், அடைத்த ஓடு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, ரசீதுகளோடு அனுப்புங்கள். அதே விதி, இந்த வேலைகளுக்குக் கட்டணத் தள்ளுபடியும் தரச் சொல்கிறது. எட்டு வீடுகள் சேர்ந்தாலே, தீக்கு எதிராகக் கூடி வேலை செய்யும் ‘ஃபயர்வைஸ்’ சமூகமாகப் பதிவு செய்துகொள்ளலாம், அதற்கும் தள்ளுபடி உண்டு. உங்கள் தெருவில் பொங்கல் விழாவுக்குக் கூடுகிற கூட்டமே அதற்குப் போதும்.

முறையீடு ஒரு பக்கம் நடக்கட்டும், வேறு கம்பெனியையும் உடனே தேடுங்கள். நல்ல சுயேச்சை புரோக்கரைப் பிடியுங்கள். யாரும் எடுக்காவிட்டால் கடைசிப் புகலிடம் ஃபேர் பிளான், வீட்டுக்கு 30 லட்சம் டாலர் வரை காப்பு தரும். ஆனால் அது அடிப்படையில் தீக் காப்பு மட்டுமே. திருட்டு, குழாய் உடைந்த நீர்ச்சேதம், உங்கள் வீட்டில் யாராவது விழுந்து அடிபட்டால் வரும் பொறுப்பு எதுவும் அதில் இல்லை. அவற்றுக்கு ‘டிஐசி’ என்ற துணைப் பாலிசி தனியாக எடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் முழுக் காப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் நம் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பாலிசியானாலும் இரண்டைக் கேளுங்கள்: இன்றைய விலையில் மறுபடி கட்டும் தொகை இருக்கிறதா? கட்டட விதி உயர்வுக்கான காப்பு இருக்கிறதா? உங்கள் 2003 வீடு எரிந்தால் 2003 விதிப்படி கட்ட விடமாட்டார்கள், இன்றைய தீ எதிர்ப்பு விதிப்படிதான் கட்ட வேண்டும். அந்தக் கூடுதல் செலவை யார் தருவது என்பது பாலிசியில் ஒரு வரி. ஒரு நாள்கூடக் காப்பு இல்லாமல் இருக்காதீர்கள். கடன் கொடுத்த வங்கி தானே ஒரு பாலிசி எடுத்து உங்கள் தலையில் கட்டும், விலையும் அதிகம், அது காப்பது முக்கியமாக வங்கியைத்தான்.

விற்பதைப் பற்றி. உங்கள் வீடு பள்ளத்தாக்கின் சரிவு உச்சியில், கீழே அடர்ந்த புதரோடு இருந்து, வெளியேற ஒரே ஒரு குறுகிய சாலைதான் உண்டு என்றால் நானே விற்கச் சொல்லியிருப்பேன். தீ மேட்டைப் பார்த்து வேகமாக ஏறும், அந்தச் சாலையை வெண்டோ ஜல்லியோ அகலப்படுத்தாது. நீங்கள் சொன்ன முகவரிப்படி உங்களுக்கு இரண்டு திசையில் பெரிய சாலை இருக்கிறது, வீடு மென்சரிவில்தான் இருக்கிறது. புதுக் காப்புக்கான கட்டணம் உங்கள் வருமானத்துக்குத் தாங்குமா என்பதை மட்டும் கணக்குப் போட்டு முடிவெடுங்கள். தாங்காது என்றால் விற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போதும் மேலே சொன்ன வேலைகளை முடித்துவிட்டு விற்றால், அறிவிப்பில் எழுதப் பலவீனங்கள் குறையும்.

நீங்கள் கேட்காத ஒன்று பெரியவர்களைப் பற்றி. பாரடைஸில் இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். உங்கள் கவுன்ட்டியிலேயே 2021 ஆகஸ்டில் கால்டர் தீ கிரிஸ்லி ஃப்ளாட்ஸ் ஊரை அழித்துவிட்டு, அதே மாதக் கடைசியில் சவுத் லேக் டஹோவையே காலி செய்ய வைத்தது. 50ஆம் நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பகலில் நீங்கள் இருவரும் ஆபீஸில் இருக்கும்போது மாமனாரும் அத்தையும் மட்டும் வீட்டில் இருப்பார்கள். கவுன்ட்டியின் அவசர எச்சரிக்கை முக்கியமாகப் பதிவு செய்த எண்ணுக்குத்தான் வரும், அவர்கள் கையிலோ இந்திய எண். ஊரிலிருந்து வந்த முதல் நாளே இங்கத்து எண் வாங்கிப் பதிவு செய்யுங்கள். செய்தி ஆங்கிலத்தில் வரும், எனவே அது வந்தவுடன் யாருக்குப் போன் செய்வது என்பதைப் பெரிய எழுத்தில் ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். மாமனார் கார் ஓட்ட மாட்டார் என்றால், பகலில் வீட்டில் இருக்கும் ஒரு பக்கத்துக் குடும்பத்திடம் இப்போதே சொல்லிவையுங்கள். மாத்திரை, கண்ணாடி, பாஸ்போர்ட் மூன்றும் ஒரே பையில் கதவருகே இருக்கட்டும். 2017 தீயில் மின்சாரம் போய் கேரேஜ் கதவைத் திறக்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்களின் கதைக்குப் பிறகுதான், 2019 ஜூலை முதல் விற்கும் கதவு மோட்டார்களில் பேட்டரி கட்டாயமாயிற்று. உங்களுடையது பழைய மோட்டார். சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் கதவைத் தூக்க அவர்கள் இருவருக்கும் பலம் இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். முடியவில்லை என்றால், பட்டியலில் வெண்டுக்கும் முன்னால் புது மோட்டாரை எழுதுங்கள்.

காப்பு முடியும் தேதியை உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. அதையும், இறவார வெண்டுகளை நேர் கீழிருந்து எடுத்த நான்கைந்து படங்களையும் அனுப்பினால், எதை அந்தத் தேதிக்குள் முடிப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று வரிசைப்படுத்தித் தருகிறேன்.